பெட்ரோல் தீர்ந்த விமானங்கள்: ஜான்சி முதல் தேம்ஸ் வரை

சிறிய விமானம் ஒன்று வயலிலோ நெடுஞ்சாலையிலோ அவசரமாக இறங்கியது என்று செய்தி வந்தால், எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். எஞ்சின் நன்றாக இருந்தது, வானம் தெளிவாக இருந்தது, விமானியும் பழகியவர்தான், டாங்கில் பெட்ரோல் இல்லாததால்தான் இறங்க நேர்ந்தது என்று விசாரணை சொன்னால் நம்பவே கஷ்டமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் வெளியிட்ட எச்சரிக்கை, இது அரிதான சங்கதி இல்லை என்கிறது. 2011 முதல் 2015 வரை அந்த ஒரு நாட்டில் மட்டும், பெட்ரோலைச் சரியாகக் கவனிக்காததால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கு மேற்பட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. அவற்றில் 56 விழுக்காடு, விமானத்தில் பெட்ரோலே இல்லாமல் போனவை. 35 விழுக்காடு, ஒரு டாங்கில் பெட்ரோல் இருந்தும் அது எஞ்சினுக்குப் போய்ச் சேராதவை. பெட்ரோல் அமைப்பிலேயே ஏதாவது பழுது சேர்ந்திருந்தவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, பெரும்பாலான நேரங்களில் விமானம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிறகு ஏன் டாங்க் காலியாகிறது? விமானப் போக்குவரத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினால் இதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். டாங்க் காலியாவது வானத்தில் என்றாலும், அது முடிவாவது தரையில். எங்கிருந்து எங்கே ஒரே மூச்சில் போவது என்று வரைபடத்தில் கோடு இழுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. வழியில் இறங்குவதைத் தோல்வியாக எண்ணும் மனநிலை மீதிப் பாதியை முடித்துவைக்கிறது.

இதைப் பார்க்க ஏமி ஜான்சனின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்று உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. பெட்ரோல் போதாமை அவரை இரண்டு முறை வழிமறித்தது. மூன்றாவது முறையும் அதுதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அவர் எஞ்சின் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் விமானத் தரைப்பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பெண் அவர்தான். எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கைப்பழக்கம் உள்ளவர். 1930 மே 5ஆம் தேதி கிராய்டனிலிருந்து 'ஜேசன்' என்று பெயர் சூட்டிய ஜிப்சி மாத் விமானத்தில் கிளம்பினார். அடுக்கடுக்காக இரண்டு இறக்கை, திறந்த இருக்கை, முன்னால் 100 குதிரைத்திறன் எஞ்சின். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிப் பழகிய வண்டி. நெடுந்தூரத்துக்காகக் கூடுதல் டாங்குகள் பொருத்தியிருந்தார்கள். அந்த டாங்குகளிலிருந்த பெட்ரோலைப் பறந்துகொண்டே கைப்பம்பால் அடித்து, மேல் இறக்கையிலிருந்த பிரதான டாங்குக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து அது தானாகவே எஞ்சினுக்கு இறங்கும். பம்பு அடிக்கும்போது கிளம்பும் பெட்ரோல் நெடியே குமட்டலை வரவழைக்கும். வானொலி கிடையாது, கையில் வரைபடமும் திசைகாட்டியும் கடிகாரமும்தான்.

மே 10ஆம் தேதி கராச்சியில் இறங்கியபோது, ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து பெர்ட் ஹிங்க்ளர் 1928இல் வைத்த சாதனையைவிட இரண்டு நாள் முன்னால் இருந்தார் ஏமி. உலகப் பத்திரிகைகள் அவரை அப்போதுதான் கவனிக்கத் தொடங்கின. மறுநாள் கராச்சியிலிருந்து அலகாபாத்துக்கு ஒரே ஓட்டமாகப் போவது திட்டம். நேர்க்கோட்டில் அளந்தாலே கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர். மணிக்கு 135 கிலோமீட்டர் அளவில் போகும் விமானத்துக்கு 11 மணி நேரம் ஆகும். மே மாத வெயில், ராஜஸ்தான் பாலைவனம், மத்திய இந்தியாவின் வறண்ட சமவெளி. அடையாளம் சொல்ல ரயில் பாதைகளும் ஆறுகளும்தான். அலகாபாத் வரை பெட்ரோல் தாங்காது என்பது வழியில் தெரிந்தது. அலகாபாத்துக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, ஜான்சி ராணுவ முகாமின் அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். மைதானம் விமானத்துக்காகச் செய்தது இல்லை. ஓடிய வேகத்தில் விமானம் படை வீரர்களின் குடியிருப்புக் கட்டடங்கள் வரை போய், ஓர் இறக்கை சேதமானது. முகாமில் இருந்தவர்கள் அதைச் செப்பனிட உதவினார்கள். அடுத்த நாள் அலகாபாத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கல்கத்தாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏமியின் பயணத்தைச் சொல்பவர்கள் ஜான்சியை ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாக, அனுபவமில்லாத பெண் தடுமாறிய இடமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் தரையிறக்கத்தில் இழந்தது சில மணி நேரமும் ஓர் இறக்கையின் கொஞ்சம் மரமும் துணியும். அவருக்கு உண்மையில் நாள்களை வீணாக்கியது ரங்கூன். அங்கே இன்செய்ன் பகுதியில் ஒரு விளையாட்டு மைதானத்தைத் தவறுதலாக விமானத் தளம் என்று நினைத்து இறங்கி, பள்ளத்தில் போய் மோதி, முன்விசிறியையும் சக்கரச் சட்டத்தையும் உடைத்துக்கொண்டார். ஹிங்க்ளரின் சாதனையை முறியடிக்கும் வாய்ப்பு கைநழுவியது அங்கேயும் அதற்குப் பிந்தைய மழையிலும்தான். ஜான்சியில் அவர் செய்தது வேறு. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்ற ஆசையை அடக்கி, எஞ்சினில் உயிர் இருக்கும்போதே, ஆள்கள் உதவிக்கு இருக்கும் திறந்த மைதானத்தைத் தேர்ந்துகொண்டார். அவர் பிழைசெய்தது அன்று காலை கராச்சியில். 11 மணி நேரப் பாதையை, சிறு தவறைக்கூடத் தாங்காத பாதையை, ஒரே கோடாக இழுத்ததுதான் அந்தப் பிழை. மாலையில் எடுத்த முடிவு அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று.

இதே கராச்சியிலிருந்து இரண்டே ஆண்டுகள் கழித்து வேறு மாதிரி ஒரு கோடு இழுக்கப்பட்டது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி காலை, கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு புஸ் மாத் விமானத்தில் 25 கிலோ தபாலோடு கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கினார். பர்மா ஷெல் கம்பெனி நான்கு காலன் டின்களில் பெட்ரோலை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து காத்திருந்தது. நிரப்பிக்கொண்டு பம்பாயின் ஜூஹூவுக்குப் போனார். அங்கிருந்து இன்னொரு விமானி நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தென்னிந்தியாவுக்கு ஒழுங்கான விமானத் தபால் வந்த கதை இதுதான். பெரும்பாலும் டாட்டாவின் துணிச்சலை வைத்துத்தான் இதைச் சொல்கிறார்கள். பாதையைப் பாருங்கள். கராச்சி முதல் அகமதாபாத் 600 கிலோமீட்டர் சொச்சம், அகமதாபாத் முதல் பம்பாய் அதைவிடக் குறைவு, பம்பாய் முதல் பெல்லாரி மறுபடி 600 கிலோமீட்டர் சொச்சம், பெல்லாரி முதல் சென்னை 400க்குச் சற்று மேல். எந்தத் துண்டும் ஏமி ஒரே மூச்சில் போக நினைத்த தூரத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. வானொலி டாட்டாவின் விமானத்திலும் கிடையாது. எஞ்சினும் அதே டி ஹாவிலாண்ட் கம்பெனியின் ஜிப்சி வகைதான். ஒவ்வொரு டின்னும் எங்கே எப்போது காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்ததுதான் வித்தியாசம். அந்தச் சேவை மழைக்காலத்திலும் நேரம் தவறாமல் நடந்ததை அன்றைய அரசின் விமானத் துறையே தன் அறிக்கையில் மெச்சியது. பெல்லாரியில் இறங்குவதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. அது கால அட்டவணையிலேயே இருந்தது.

சாதனைப் பறப்புகளின் உலகத்தில் கணக்கு தலைகீழ். ஏமியும் அவருடைய கணவர் ஜிம் மாலிசனும் 1933 ஜூலை 22ஆம் தேதி வேல்ஸின் பெண்டைன் மணல்வெளியிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார்கள். 'சீஃபேரர்' என்ற அவர்களது டிராகன் விமானத்தின் பயணிகள் அறை முழுக்க பெட்ரோல் டாங்குகள்தான். அட்லாண்டிக்கைக் கடந்து, கனடாவைக் கடந்து, அமெரிக்கக் கரையோரமாக இறங்கி வந்தார்கள். கிளம்பி 39 மணி நேரம் ஆகியிருந்தது. நியூயார்க்குக்குச் சுமார் 90 கிலோமீட்டர் இருக்கும்போது பெட்ரோல் தீரும் நிலை. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் விமானத் தளத்தில் இரவில் இறங்கப் பார்த்து, தளத்தின் விளிம்பில் இருந்த சதுப்பில் மோதினார்கள். விமானம் நொறுங்கியது. இருவருக்கும் காயம். அவர்கள் கடந்துவந்த கரையோரத்தில் இறங்கத்தக்க விமானத் தளங்கள் பல இருந்தன. ஆனால் 'நியூயார்க் வரை இடைநில்லாமல்' என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு 'பாஸ்டனில் இறங்கிப் பெட்ரோல் போட்டார்கள்' என்ற சொல்லுக்கு இல்லை. நிபுணர்கள் இரண்டு பேர் ஒரே விமானத்தில் இருந்தும், கடைசியில் எங்கே இறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்த மதிப்பு அவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்தக் காலத்தில் டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. இன்று மானிகள் இருக்கின்றன. பழைய கதையை வைத்து இன்றைக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? மானிகளின் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 1930களின் இறுதியில் வந்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பைப்பர் கப் விமானத்தின் பெட்ரோல் மானி ஒரு தக்கைத் துண்டு. தக்கையில் செருகிய கம்பி, டாங்க் மூடியின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டாங்க் விமானியின் கண்ணுக்கு நேரே, கண்ணாடிக்கு முன்னால் இருந்ததால் கம்பி குதிப்பதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே பறக்கலாம். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி குட்டையாகும். இதில் மின்சாரம் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. பிறகு வந்த செஸ்னா போன்ற விமானங்களில் டாங்க் இறக்கைக்குள் போய்விட்டது. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும் அந்த டாங்கில், ஒரு மிதவையும் கையும் மின்தடையும் சேர்ந்து முன்பலகையில் முள்ளை நகர்த்துகின்றன. விமானம் சற்றுச் சாய்ந்தாலே மட்டம் ஒரு பக்கம் ஓடிவிடும்; முள் ஆடும். செஸ்னா 150இன் டாங்குகளில் 26 அமெரிக்க காலன் பிடிக்கும். அதில் எல்லா நிலையிலும் எஞ்சினுக்குக் கிடைப்பது 22.5 காலன்தான். மூடியைச் சரியாக இறுக்காவிட்டால், பறக்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் மேல்வழியாகவே உறிஞ்சப்பட்டு வெளியேறும். விமானி அதைப் பார்க்க முடியாது. இதனால்தான் சிறிய விமானங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியது. கிளம்புமுன் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, கோடு போட்ட குச்சியை டாங்குக்குள் விட்டு நனைந்த இடத்தைப் பார்ப்பது. பிறகு மானியை விட்டுவிட்டுக் கடிகாரத்தை நம்புவது: மணிக்கு இத்தனை காலன் எரியும், இத்தனை மணி நேரம் பறந்தாயிற்று, மிச்சம் இவ்வளவு. கருவி முன்னேற முன்னேற இந்தப் பழைய வழக்கத்தின் தேவை குறைந்துவிடவில்லை என்பதுதான் வியப்பு.

குச்சியும் தவறலாமே என்று கேட்கலாம். தவறியிருக்கிறது. 1983 ஜூலை 23ஆம் தேதி ஏர் கனடாவின் பெரிய போயிங் 767 விமானத்தில் மின்னணு மானி வேலை செய்யாததால், டாங்கின் அடிப்பக்கத்து அளவுக்குச்சிகளை வைத்துத்தான் பெட்ரோலை அளந்தார்கள். அளந்தது சரி, லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய 0.8க்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய 1.77 என்ற எண்ணைப் போட்டார்கள். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானம், இரண்டு எஞ்சினும் நின்று, மேனிடோபாவின் கிம்லியில் கைவிடப்பட்ட ராணுவ ஓடுபாதையில் மிதந்து இறங்கியது. எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் பாப் பியர்சனின் திறமையால் எல்லோரும் பிழைத்தார்கள். இந்த நிகழ்ச்சி என் வாதத்துக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. அங்கேயும் பிழை தரையில், காகிதத்தில் நடந்தது.

தொடக்கக்காரர்கள் செய்யும் தவறு இது என்பது இன்னொரு மறுப்பு. முதலில் சொன்ன அமெரிக்க வாரியத்தின் கணக்கே அதற்குப் பதில். பெட்ரோல் விபத்துகளில் சிக்கிய விமானிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தொழில்முறை உரிமமோ விமான நிறுவன விமானிக்கான உரிமமோ பெற்றவர்கள். பயிற்சி மாணவர்கள் 2 விழுக்காடு அளவுக்குத்தான். மாணவர் பயந்துகொண்டே எண்ணுகிறார், பக்கத்தில் ஆசிரியரும் எண்ணுகிறார். ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு எப்போதும் போதுமாக இருந்தது இன்றும் போதும் என்று பழகிவிடுகிறது. 1997 அக்டோபர் 12ஆம் தேதி கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்த பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவர் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈஸீ விமானத்தில், டாங்கை மாற்றும் திருகு இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. பெட்ரோல் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்களும் பின்னால் இருந்தன. குழாயைப் பார்க்க ஒரு தொழிலாளி அவருக்குச் சின்னக் கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று வேண்டாம் என்றுவிட்டார். பறக்கும்போது ஒரு டாங்க் வற்றியதும் உடலைத் திருப்பித் திருகை எட்ட முயன்றதில், கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையின் முடிவு. திருகை அந்த இடத்தில் பொருத்தியவருக்கும் பங்குண்டு. விமானத்தை வடிவமைத்தவர் வரைந்தது வேறு இடம். ஆனால் பெட்ரோல் நிரப்ப ஆள் தயாராக நின்ற அந்த நிமிடத்தில் எல்லாமே மாற்றக்கூடியதாக இருந்தது.

விபத்தானாலும் பெட்ரோல் இல்லாத விமானம் தீப்பிடிப்பது குறைவு, ஆகவே இது அவ்வளவு ஆபத்தில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. தீயைப் பற்றி அவர்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் எஞ்சின் நின்ற சிறிய விமானம், 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான் மிதக்கும். அதற்குள் கிடைக்கும் இடத்தில்தான் இறங்க வேண்டும்; அங்கே மின்கம்பி இருக்கிறதா, வரப்பு இருக்கிறதா என்பது கீழே வந்த பிறகே தெரியும். எஞ்சின் ஓடும்போது இறங்குபவர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் மேலே ஏறி வேறு இடம் பார்க்கலாம். பழைய மோட்டார் பைக்குகளில் ரிசர்வ் குழாயைத் திருப்பினால் பக்கத்து பங்க் வரை போய்விடலாம். அந்த மீதிப் பெட்ரோலின் வேலை போய்ச் சேருவது. விமானத்தில் மீதி இருக்கும் பெட்ரோலின் வேலை, எங்கே இறங்குவது என்று தேர்ந்தெடுக்க நேரம் தருவது. அமெரிக்கச் சட்டம் பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் கூடுதல் பெட்ரோல் கேட்பது இதற்காகத்தான். சட்டம் இருக்கும்போதே இத்தனை விபத்து ஏன் என்றால், கிளம்பும்போது கணக்கிடும் அந்த அரை மணி நேரத்தை வழியில் செலவழிக்கக்கூடிய பணம் மாதிரி எண்ணிவிடுகிறார்கள் என்பதே காரணம்.

1941 ஜனவரி 5ஆம் தேதி, போர்க்கால விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் பணிபுரிந்த ஏமி, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகிலிருந்த கிட்லிங்டனுக்கு ஓர் ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு விமானத்தைக் கொண்டுபோகக் கிளம்பினார். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பயணம். மேகம் தாழ்ந்திருந்தது, அந்தப் படையின் விமானிகளுக்கு வானொலி கிடையாது. கிளம்பி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கழித்து, இலக்கிலிருந்து வெகு தூரம் விலகி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டில் இறங்கினார். அருகிலிருந்த ஹாஸில்மியர் கப்பலின் தளபதி வால்டர் பிளெட்சர் அவரைக் காப்பாற்ற நீரில் குதித்து, குளிரில் உயிர்விட்டார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை. மேகத்துக்கு மேலே வழி தவறி, பெட்ரோல் தீர்ந்திருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். சொந்தப் படையே சுட்டுவிட்டது என்ற வாதமும் பின்னாளில் வந்தது. முதல் விளக்கம் சரியென்றால், இங்கே ஆசைக்கோ சாதனைக்கோ இடமில்லை. இறங்க இடம் தெரியாத மேகம் அவரிடமிருந்து தேர்வை முழுவதும் பறித்தது. அப்படிப்பட்ட நிலையும் உண்டு என்பதை மறுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அது விதிவிலக்கு. மேலே கண்ட விபத்துக் கணக்கில் பெரும்பாலானவை தெளிந்த வானத்தில், இறங்க இடம் இருந்தபோது, இறங்க மனமில்லாததால் நடந்தவை என்றே நினைக்கிறேன். பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் சாதனைகளைச் சொல்லித் தரும் நேரத்தில், வழியில் இறங்கி மறுநாள் போய்ச் சேர்ந்தவர்களின் பயணங்களையும் வரைபடத்தோடு சொல்லித் தரவேண்டும்.